மாத்திரையும் மாதக் கணக்கும்

ரிட்டலின் என்ற மருந்தின் பெயருக்குள் ஒரு பெண் இருக்கிறார். 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சிபா நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மெத்தில்ஃபெனிடேட் என்ற வேதிப்பொருளை உண்டாக்கியவர் லியான்ட்ரோ பானிட்சோன். அவருடைய மனைவி மார்கரீட்; செல்லப்பெயர் ரீட்டா. குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர். டென்னிஸ் ஆடப் போகுமுன் கணவர் கண்டுபிடித்த மருந்தைப் போட்டுக்கொண்டு போவாராம். ஆட்டம் தெம்பாக இருக்குமாம். அந்த ரீட்டாவின் பெயர்தான் ரிட்டலின் ஆனது. 1950-களின் நடுவில் விற்பனைக்கு வந்த அது, நாளடைவில் பள்ளிக்கூடப் பையன்களின் மருந்து என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. ரீட்டாவைப் போன்ற வளர்ந்த பெண்ணின் உடம்பில் அது எப்படி வேலை செய்யும், எந்த நாளில் எவ்வளவு தேவைப்படும் என்று யாரும் அக்கறையாகக் கேட்பதற்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

பாடப்புத்தகம் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்றும், மருத்துவர்கள் ஏடிஎச்டி என்றும் சொல்லும் இந்த நிலை மூளை வளர்ச்சியோடு சேர்ந்தே வருவது. நாற்பது வயதில் புதிதாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. நாற்பதில் ஒரு பெண்ணிடம் "உங்களுக்கு ஏடிஎச்டி இருக்கிறது" என்று முதல்முறையாகச் சொல்கிறார்கள் என்றால், அதுவரை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஏன் பார்க்கவில்லை என்பதிலிருந்தே மருந்தின் கதையும் தொடங்குகிறது.

1937-இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தன் பொறுப்பில் இருந்த 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்குப் படிப்பில் கண்கூடான முன்னேற்றம். அந்த 30 பேரில் 21 பேர் பையன்கள். அதன்பின் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, 1968-இல் இந்த நிலைக்கு வைத்த பெயரிலேயே "மிகையியக்கமும்" "குழந்தைப் பருவமும்" இருந்தன. கவனச் சிதறலுக்குத் தனி இடம் கிடைத்தது 1980-இல்தான். அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியைப் பன்னிரண்டு வயது என்று தளர்த்தியதும், பெரியவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து இருந்தால் போதும் என்றதும் 2013-இல். வகுப்பைக் கலைக்கும் பையனை ஆசிரியர் மருத்துவரிடம் அனுப்புவார். ஜன்னலோரம் உட்கார்ந்து வேறு உலகத்தில் இருக்கும் பெண்பிள்ளையால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆகவே யாரும் எங்கும் அனுப்பவில்லை. ஸ்டாக்ஹோமில் சுகாதாரப் பதிவேடுகளை ஆராய்ந்து 2023-இல் வெளிவந்த கட்டுரை, பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகவே இந்த முடிவு சொல்லப்படுகிறது என்கிறது. அதற்குள் மனச்சோர்வு, பதற்றம் என்று வேறு பெயர்களும் வேறு மாத்திரைகளும் அவர்களுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். பொருட்களை அடிக்கடி தொலைப்பதுண்டா, சொன்னதைக் கேட்காததுபோல் இருப்பதுண்டா, தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவதுண்டா என்று கேள்விகள். நான்காவது கேள்வியில் அவர் பேனா நின்றுவிட்டது. அன்று காலையும் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்திருந்தது. மின்கட்டணம் கட்ட மறந்து இரண்டு முறை இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். அம்மா வீட்டில் மறதிக்காரி, மாமியார் வீட்டில் பொறுப்பில்லாதவள். "இது என் மகனுக்கான படிவமா, எனக்கானதா?" என்று அவர் மருத்துவரிடம் கேட்டபோது அவருக்கு வயது 41. பிள்ளைக்குப் பார்க்கப் போய்த் தாய்க்குத் தெரியவருவது பல நாடுகளில் மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

அப்படித் தெரியவந்தபின் மருந்துச்சீட்டில் என்ன எழுதுகிறார்கள்? பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று தூண்டுமருந்துகள்: மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமின் வகைகளும். மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள்கள் நரம்புகளுக்கிடையே சற்று அதிக நேரம் தங்கும்படி இவை செய்கின்றன. மற்றொன்று தூண்டுமருந்து அல்லாதவை. அவற்றில் முதலாவதான அட்டமாக்செட்டின் 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் மனச்சோர்வுக்காகச் சோதித்துப் பார்த்த மருந்து அது. தூண்டுமருந்து அன்றைக்கே வேலையைக் காட்டும். அட்டமாக்செட்டினுக்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

இவை பயன் தருகின்றனவா என்பதில் எனக்கு ஐயம் இல்லை. 133 சோதனைகளைத் தொகுத்து 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு, பெரியவர்களுக்கு முதல் தேர்வாக ஆம்ஃபெட்டமின் வகையைச் சொன்னது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த லிஸ்டெக்சாம்ஃபெட்டமின் அல்லது மெத்தில்ஃபெனிடேட்டில் தொடங்கச் சொல்கிறது. பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 113 சோதனைகளை அலசிய 2025-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுட்பமானது. மருத்துவர் கண்ணுக்கும் நோயாளியின் சொந்த அனுபவத்துக்கும் ஒரே மாதிரி பலன் தெரிந்தது தூண்டுமருந்துகளில் மட்டுமே. அட்டமாக்செட்டினில் மருத்துவர்கள் கண்ட முன்னேற்றம் நோயாளிகளின் சொல்லில் அந்த அளவு வரவில்லை. வாழ்க்கைத் தரம் உயர்ந்ததா என்ற கேள்விக்கு எந்த மருந்தும் தெளிவான பதில் தரவில்லை என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை. மாத்திரை போடுகிற பெண் அதை ஆண்டுக்கணக்கில் போடுகிறார்.

ஒரு மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கான்செர்ட்டா என்ற பெயரில் 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை. அதன் ஒரு முனையில் லேசர் கதிரால் போட்ட மிகச் சிறிய துளை உண்டு. வெளிப்பூச்சில் இருக்கும் 22 சதவீத மருந்து விழுங்கியதும் கரைகிறது. பிறகு குடலின் நீர் உள்ளே ஊற, அடியில் உள்ள ஓர் அடுக்கு உப்பிப்போய், மிச்ச மருந்தைத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. காலிக்கூடு மலத்தோடு அப்படியே வெளியேறிவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் செய்தார்கள்? பழைய ரிட்டலின் மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மதியம் பள்ளிச் செவிலியர் அறையில் வரிசையில் நின்று பிள்ளைகள் அடுத்த மாத்திரையைப் போட வேண்டியிருந்தது. அந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்தது இது. முதல் மணி அடிப்பதிலிருந்து வீட்டுப்பாடம் முடியும்வரை ஒரு மாணவனைத் தாங்கும் மாத்திரை.

பெண்ணின் நாள் அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, பிள்ளையைக் கிளப்பும் நேரத்தில் மருந்து இன்னும் ஏறியிருக்காது. அலுவலகத்தில் நன்றாக இருப்பார். மாலை ஏழு மணிக்கு, பிள்ளைக்குப் பாடம் சொல்லவும் நாளைய மாவை ஆட்டவும் மாமனாரின் மாத்திரையை எடுத்து வைக்கவும் வேண்டிய வேளையில், மருந்து இறங்கிவிடும். இறங்கும்போது சிலருக்கு எரிச்சலும் அயர்வும் முன்னைவிடக் கூடுதலாக வருவதுண்டு. தன் நல்ல மணிநேரங்களை அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதாக ஒரு பெண் சொன்னால், அதை மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை போடும் நேரத்தை மாற்றுவது, பிற்பகலில் சிறு அளவு ஒன்றைச் சேர்ப்பது என்று அவரிடம் வழிகள் உண்டு. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. கேட்காவிட்டால் இவர் சொல்லமாட்டார்.

நாளின் கணக்கு இது என்றால், மாதத்தின் கணக்கு இதைவிடப் பெரியது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மாத்திரை வேலையே செய்யவில்லை என்று பெண்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் டோபமைனுக்குத் துணை நிற்கும் ஹார்மோன். விலக்கு முடிந்த முதல் பாதியில் அது ஏறுகிறது. கடைசி நாட்களில் சரிகிறது. ஏடிஎச்டி உள்ள மூளையில் டோபமைன் ஏற்கெனவே தடுமாறுகிறது என்றால், துணையும் விலகும் நாட்களில் என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமில்லை. 1999-இலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில், உடல்நலமுள்ள பெண்களுக்கு ஒரே அளவு ஆம்ஃபெட்டமினை மாதத்தின் இரு பாதிகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பாதியில் அதன் விளைவு கூடுதலாக உணரப்பட்டது. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 32 பெண்கள் 35 நாட்கள், தினமும் காலையில் உமிழ்நீர் மாதிரி எடுத்துக் கொடுத்து, மாலையில் அறிகுறிப் பட்டியலை நிரப்பினார்கள். ஈஸ்ட்ரோஜன் இறங்கிய நாட்களை ஒட்டிக் கவனச் சிதறல் கூடியது பதிவானது.

இதைச் சிகிச்சையாக மாற்றிப் பார்த்தவர் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பெரியவர்களின் ஏடிஎச்டிக்காகவே நெடுங்காலம் பணியாற்றிவரும் மனநல மருத்துவர் சாண்ட்ரா கூய். அவருடைய குழு 2023-இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் ஒன்பது பெண்கள். விலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் ஒவ்வொருவருக்கும் தூண்டுமருந்தின் அளவைத் தனித்தனியாகக் கொஞ்சம் கூட்டினார்கள். ஒன்பது பேருக்கும் அந்த வாரத்தின் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. ஒன்பது பேரும் அந்த முறையையே தொடர விரும்பினார்கள். ஒன்பது பேர் என்பது ஒரு மருந்தை நிறுவப் போதாது. இது போலிமாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையும் அல்ல. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த மருந்துகள் வந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, உலகில் பாதிப் பேருக்கு மாதந்தோறும் நடக்கும் ஒன்றைக் கணக்கில் எடுத்த ஆய்வுக்கு ஒன்பது பேர்தான் இருந்தார்கள். எனக்கு இது ஆறவில்லை.

காரணம் தெரிந்ததுதான். 1977-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கருத்தரிக்கக்கூடிய வயதில் உள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. தாலிடமைடு மாத்திரையால் கைகால் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்த உலகம் அது, அச்சம் நியாயமானதே. அந்த வழிகாட்டுதலை விலக்கிக்கொண்டது 1993-இல். பிறகும்கூட, சோதனைகளில் பெண்களைச் சேர்த்தார்களே தவிர, மாத்திரை போட்ட அன்று அவர்கள் மாதத்தின் எந்த நாளில் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்வது வழக்கமாகவில்லை. ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே மறைந்துவிடும்.

கருவுற்ற பெண்ணின் நிலை இன்னும் இக்கட்டானது. பல நாடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, நிறுத்திவிடுங்கள் என்பதே. தெரிந்தவை என்னவென்று பார்ப்போம். அமெரிக்காவையும் நார்டிக் நாடுகளையும் சேர்த்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது: ஆயிரம் குழந்தைகளுக்குச் சுமார் மூன்று கூடுதல். ஆம்ஃபெட்டமினில் அப்படி ஏதும் தெரியவில்லை. டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு 2023-இல் வந்த ஆய்வு, வயிற்றில் இருக்கும்போது இம்மருந்துகள் பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் மூளை வளர்ச்சிக் கோளாறுகள் கூடவில்லை என்றது. மருந்தை நிறுத்தினால் வாகனம் ஓட்டுவதில், வேலையில், மனச்சோர்வில் ஒரு தாய்க்கு வரும் ஆபத்துக்கும் எடை உண்டு. பயமுறுத்தாமல் இரண்டு தட்டுகளையும் அவள் முன்னால் வைத்துப் பேச வேண்டும். மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும்.

மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் நிரந்தரமாக இறங்குகிறது. அதுவரை பட்டியல் எழுதியும் அலாரம் வைத்தும் சமாளித்துவந்த பல பெண்கள் மருத்துவரிடம் வருவது அந்த வயதில்தான். மறதி நோய் வந்துவிட்டதோ என்ற பயத்தோடு வருகிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நீல் எப்பர்சனின் குழு, ஏடிஎச்டி இல்லாத, அந்தப் பருவத்தில் இருக்கும் 32 பெண்களுக்கு லிஸ்டெக்சாம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தது. திட்டமிடும் திறனும் கவனமும் மேம்பட்டதாகப் பெண்களே சொன்னார்கள். ஏடிஎச்டி உள்ள பெண்களில், ஹார்மோன் சிகிச்சையையும் இம்மருந்தையும் எப்படிச் சேர்த்துக் கொடுப்பது என்பதற்கு இத்தகைய சோதனைகள் வர வேண்டும்.

தாமதமாகத் தெரியவரும் பெண் வெறுங்கையோடு வருவதில்லை என்றேன் அல்லவா? மனச்சோர்வு மாத்திரை ஒன்று ஏற்கெனவே அவர் பையில் இருக்கும். அங்கே ஒரு கண்ணி உண்டு. அட்டமாக்செட்டினைக் கல்லீரலில் உடைக்கும் அதே நொதியை ஃப்ளுவாக்செட்டினும் பராக்செட்டினும் தடுத்துவிடுகின்றன. சேர்த்துப் போட்டால் அட்டமாக்செட்டின் ரத்தத்தில் பல மடங்கு தங்கிவிடலாம். நெஞ்சு படபடக்கும், குமட்டும், மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று பெண் முடிவுகட்டிவிடுவார். தைராய்டு குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைக் குலைக்கும் என்பதால் அவற்றையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது. பசியைக் குறைப்பது தூண்டுமருந்தின் இயல்பு. பட்டினி கிடந்து உடம்பை இளைக்கவைத்த வரலாறு உள்ள பெண்ணிடம் இது மருத்துவரின் தனிக் கவனத்துக்கு உரியது.

இதயத்தைப் பற்றிய கேள்வியை ஒதுக்க முடியாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறும். சுவீடனில் நடந்த ஆய்வு ஒன்று, மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இதய, ரத்தநாள நோய்களின் வாய்ப்பு 4 சதவீதம் கூடுவதாகக் கண்டது. பெரும்பாலும் ரத்தக் கொதிப்பும் தமனி நோயும். மருந்தில்லாத வாழ்க்கைக்கும் விலை உண்டு. டென்மார்க்கில் 2015-இல் வெளியான ஆய்வு, ஏடிஎச்டி உள்ள பெண்களின் இறப்பு விகிதம் அது இல்லாத பெண்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் என்றது. ஆண்களில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. பிரிட்டனில் 2025 ஜனவரியில் வந்த கணக்கின்படி, ஏடிஎச்டி என்று பதிவான பெண்களின் ஆயுள் சராசரியாக எட்டரை ஆண்டுகள் குறைகிறது. விபத்து, தற்கொலை, புகைப்பழக்கம், கவனிக்காமல் விட்ட நோய்கள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. சுவீடனில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2024-இல் வெளியான ஆய்வில், மருந்து தொடங்கியவர்களில் இரண்டாண்டுகளில் பத்தாயிரத்துக்கு 39 பேரும், தொடங்காதவர்களில் 48 பேரும் இறந்தார்கள். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், மருந்து எடுத்த மாதங்களில் பெண்களின் சாலை விபத்துகள் 42 சதவீதம் குறைந்தன. இவை பதிவேட்டு ஆய்வுகள்; மருந்தால் மட்டுமே இது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்குத் தெளிவாகவே படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு மருந்தைத் தொடர்வது, பயந்து விட்டுவிடுவதைவிடப் பெரும்பாலான பெண்களுக்கு நல்லது.

நம் ஊரில் என்ன கிடைக்கிறது? ஆம்ஃபெட்டமின் வகைகள் இந்தியக் கடைகளில் இல்லை, லிஸ்டெக்சாம்ஃபெட்டமினும் இல்லை. மெத்தில்ஃபெனிடேட்டும் அட்டமாக்செட்டினும் கிடைக்கின்றன. மெத்தில்ஃபெனிடேட், 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. தனி உரிமம் உள்ள கடைதான் விற்கலாம்; பூட்டி வைத்திருக்க வேண்டும்; மருந்துச்சீட்டு இரண்டு படிகள் வேண்டும்; ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். தவறாகப் பயன்படக்கூடிய மருந்து என்பதால் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டை நீட்டும் பெண்ணைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பதும், "இது போதை மாத்திரை ஆச்சேம்மா" என்று எல்லார் காதிலும் விழச் சொல்வதும் சட்டத்தில் இல்லை. லண்டனிலோ டொரொன்டோவிலோ லிஸ்டெக்சாம்ஃபெட்டமின் எடுத்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெண்கள், ஊருக்கு வருமுன் இங்கே அது கிடைக்காது என்பதை மனதில் வைத்து, இந்திய விதிகளை விசாரித்து, மருத்துவரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஏடிஎச்டி மருந்து எழுதும்போது, கடைசியாக விலக்கான தேதி எது என்று கேளுங்கள்; அடுத்த முறையும் கேளுங்கள். மருந்து எடுக்கும் பெண்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும். மாத்திரை போட்ட நேரம், இறங்கிய நேரம், விலக்கு நாள், தூக்கம், அன்றைய கவனம் எப்படி என்று ஒரு சொல். இதை மூன்று மாதங்கள் எழுதுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எழுதியதை மருத்துவர் மேசையில் வையுங்கள். ஹேக் நகரத்து ஒன்பது பெண்களின் சிகிச்சையும், எந்த வாரத்தில் மருந்து கைவிடுகிறது என்று அவர்கள் வந்து சொன்னதிலிருந்துதான் தொடங்கியது.